அம்மம்மா வீட்டில் வளரும் பிள்ளைகள்: சேர்ந்திருப்பதா, தனியே போவதா?

செவ்வரத்தை:

எங்கள் வீடு யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் இருக்கிறது. என் சீதன வீடு. அம்மாவும் அப்பாவும் கட்டி, என் பெயருக்கு எழுதிவிட்டு, இன்றைக்கும் அவர்களே வீட்டுக்காரராக இருக்கும் வீடு என்றால் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளங்கும். அதே வளவின் பின்பக்கத்தில் சின்னம்மா குடும்பம். மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு மூன்று. எனக்கு அரச அலுவலகத்தில் வேலை, கணவருக்கு வங்கியில். காலையில் நாங்கள் படலையைத் தாண்டினால் பின்னேரம் வரைக்கும் பிள்ளைகள் அம்மாவின் பொறுப்பு.

இப்போது கணவர் இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் வாடகை வீடு பார்க்கிறார். பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. சாப்பிடும்போது பார்க்கக் கூடாது என்று மகனிடமிருந்து கைபேசியை வாங்கி வைத்தார். மகன் அழவில்லை, எதிர்த்துக் கதைக்கவுமில்லை. இடியப்பக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய் அம்மப்பாவின் சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில் இருந்தான். அம்மப்பா தன் கைபேசியை எடுத்து அவனிடம் நீட்டினார். தொலைக்காட்சிச் செய்தியிலிருந்து கண்ணைக்கூடத் திருப்பவில்லை. கணவர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை தரகரோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளுக்கு எது நல்லது? மகனுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்குகிறது, மகள் இன்னும் அம்மாவின் கையால் தீத்தினால்தான் சாப்பிடுகிறாள். "பெற்றவர்களை விட்டுப் போவதா" என்று கேட்கிறவர்களும் "உங்கள் வாழ்க்கை உங்கள் விருப்பம்" என்கிறவர்களும் தயவுசெய்து ஒதுங்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் எனக்கு நேரிலேயே சொல்லிவிட்டார்கள். சேர்ந்திருந்து பார்த்தவர்கள், தனியே போய்ப் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

வடமராட்சியான்:

தங்கச்சி, நான் உங்கள் கணவரின் கட்சி. எங்கள் ஆட்கள் தமிழ்நாட்டுத் தொடர்களில் மாமியாரிடம் மருமகள் படும் பாட்டைப் பார்த்துப் பார்த்து, யாழ்ப்பாணத்தில் கல்யாணம் முடிந்ததும் பெட்டியோடு வீடு மாறுகிறவன் பெரும்பாலும் மாப்பிள்ளை என்பதையே மறந்துபோனார்கள். நான் பருத்தித்துறையான். மானிப்பாயில் மாமா வீட்டில் இருக்கிறேன். குறை என்று ஒன்றும் சொல்ல முடியாது. முதல் சாப்பாடு எனக்கு, மீன் தலை எனக்கு. "மருமகன் களைத்துப்போய் வந்திருக்கிறார்" என்று கேட்காமலே தேநீர் வரும். சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றால் மட்டும் மாமாவைக் கேட்க வேண்டும்.

பிள்ளைகள் இதைக் கவனிப்பதில்லை என்று நினைக்காதீர்கள். போன தவணை மகளின் தேர்ச்சி அறிக்கையில் பெற்றோர் ஒப்பமிடும் இடத்தில் மாமா ஒப்பம் வைத்திருந்தார். புள்ளிகள் நல்ல புள்ளிகள்தான், பயந்து ஒளித்தாள் என்று சொல்ல முடியாது. ஏன் என்னிடம் வரவில்லை என்று கேட்டேன். "வீட்டுக்குப் பெரியவரிடம் வாங்கிவரச் சொல்லி ரீச்சர் சொன்னார்" என்றாள். பெரியவர் யார் என்பதில் அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை.

பழைய_வாத்தியார்:

தம்பி வடமராட்சியான், ஒப்பத்தை யார் வைத்தால் என்ன, பிள்ளையின் கணக்கை உட்கார்ந்து பார்த்தது யார் என்று சொல்லும். மாமாவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் தென்மராட்சியில் படிப்பித்தவன். 1995 ஒக்ரோபர் 30 இரவு போரால் இடம்பெயர்ந்த வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலத்தால் எங்கள் பக்கம் வந்து இறங்கியது. மட்டுவிலில் எங்கள் வீட்டில் விறாந்தை, கோடிப்புறம், மாட்டுக்கொட்டில் வரைக்கும் ஆட்கள். தாய் தகப்பன்மார் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற அந்த மாதங்களில் பிள்ளைகளைக் கட்டி மேய்த்தது கிழடுகள்தான். செல் குண்டுச் சத்தம் கேட்கும்போது ஓர் ஆச்சி எல்லாப் பிள்ளைகளையும் சுற்றி இருத்தி, யாருடைய பிள்ளை என்று பாராமல் தலை வாரிவிடுவார். சத்தம் நிற்கும்வரை வாரிக்கொண்டே இருப்பார். போரில் காயப்பட்டது தனித்தனி மனம் மட்டும் அல்ல, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்பட்டன என்று பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல காலமாக எழுதிவருகிறார். தாங்கிப் பிடித்ததும் அதே குடும்பமும் ஊரும்தான். தாய், தகப்பன், இரண்டு பிள்ளை என்ற கணக்கில் அன்றைக்கு ஒருவரும் தப்பியிருக்க முடியாது.

அதற்காக நாற்சார் வீடு, நடுமுற்றம் என்று கண்ணீர் வடிக்கிற கூட்டத்தில் என்னைச் சேர்க்க வேண்டாம். அப்படி ஒரு வீட்டில்தான் பிறந்தேன். ஐயா இருக்கும் நேரத்தில் அம்மா முன்விறாந்தைக்கு வந்து நான் கண்டதில்லை.

மாமி_வீட்டுக்காரி:

எல்லோரும் அம்மம்மா வீட்டைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் மாமி வீட்டில் இருக்கிறேன். கணவர் ஒரே மகன், பெண் சகோதரம் இல்லை, என் சீதனக் காணி வலிகாமம் வடக்கில் பற்றை வளர்ந்து கிடக்கிறது. ஆகவே சங்கானையில் மாமியோடு.

மாமி என்னை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை, வெளியாட்கள் முன்னால் குறை சொன்னதுமில்லை. என் ஐந்து வயது மகளிடம் மட்டும் சொல்வார். புட்டு அவிக்கும்போது, சீருடை மடிக்கும்போது, சிரித்துக்கொண்டே, "உன் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, அப்பம்மாவிடம் வா." போன கிழமை மகள் குசினிக் கதவுக்குப் பின்னால் சிரட்டையில் மண் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பொம்மைக்குச் சொல்கிறாள்: "உன் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது." மாமி சொல்லும் அதே இழுவை, அதே சிரிப்பு.

வாத்தியார் ஐயா, உங்கள் ஆச்சி தலை வாரிய கதை உண்மையாகவே இருக்கட்டும். எங்கள் வீட்டிலும் மாமிதான் மகளுக்குத் தலை வாருகிறார். வாரும்போதுதான் இந்தக் கதை எல்லாம் நடக்கிறது.

ஊர்க்குருவி:

இப்படியே ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனால் கடைசியில் முதியோர் இல்லங்கள்தான் நிறையும். பெரியவர்கள் இரண்டு வார்த்தை சொல்வது எங்கள் பண்பாடு. பொறுத்துப் போகத் தெரிய வேண்டும்.

மாமி_வீட்டுக்காரி:

அண்ணா, உங்கள் வீட்டில் யார் பொறுத்துப் போகிறார் என்று ஒருக்கால் விசாரித்துப் பாருங்கள். நீங்களாக இருக்காது.

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி:

தாய் சேய் நலம் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தராக, ஊர் வழக்கில் மிஸ்ஸியாக, வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஒழுங்கை ஒழுங்கையாகச் சைக்கிள் மிதித்து, பிள்ளை நிறுக்கும் தராசைத் தூக்கிக்கொண்டு திரிந்த காலத்தில் கண்டவற்றை எழுதுகிறேன். நீளமாக வரும்.

பிள்ளை பிறந்த வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது தாயின் முகத்தை. சரக்குக் கறி அரைத்துக் கொடுக்கவும், இரவில் பிள்ளையை ஒரு மணித்தியாலம் வாங்கி வைத்திருக்கவும் ஆள் இருந்த வீட்டில் தாயின் முகம் வேறு மாதிரி இருக்கும். கணவன் வெளிநாட்டில், தாய் இறந்துவிட்டார், பக்கத்தில் ஒருவருமில்லை என்ற வீடுகளில் பாலும் குறையும், பிள்ளையின் நிறையும் குறையும், தாய் என்னைக் கண்டதும் காரணமில்லாமல் அழுவார். அப்படியானவர்களை வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கு அனுப்பியும் இருக்கிறேன்.

ரெபேக்கா சியர், ரூத் மேஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து 2008 இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். குழந்தை பிழைத்து வளர்வதற்குத் தாய்க்கு அடுத்தபடியாக எந்த உறவு உதவுகிறது என்பது கேள்வி. தாயின் தாய் இருப்பது பெரும்பாலான இடங்களில் பிள்ளைக்கு நன்மையாக இருந்தது. தகப்பனின் தாய் விடயத்தில் இடத்துக்கு இடம் முடிவு மாறியது. மருத்துவ வசதி குறைந்த சமூகங்களின் தரவுதான் அதில் அதிகம், அதை அப்படியே கோண்டாவிலுக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் அம்மம்மா வளவுக்குள்ளேயே இருக்கும் எங்கள் ஒழுங்கைகளில் நான் கண்டதோடு அது முரண்படவில்லை.

இனி மற்றப் பக்கம். ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் என்று நான் கிளினிக்கில் சொல்லி அனுப்புவேன். வீட்டுக்குப் போனால் அம்மம்மா விரலால் தேன் தடவிக்கொண்டிருப்பார். ஒரு வயதுக்கு முன் தேன் கொடுக்கவே கூடாது, அதனால் சில குழந்தைகளுக்கு ஆபத்தான நச்சு நோய் வரலாம். சொன்னால், "உன்னையும் உன் தாய் அப்படித்தானே வளர்த்தாள்" என்பார். நான் தாயைப் பார்ப்பேன். தாய் நிலத்தைப் பார்ப்பார். ஆலோசனை எல்லாம் அந்த இடத்தில் நின்றுவிடும். பிறகு ஒரு வழி பிடித்தேன். தாயை விட்டுவிட்டு அம்மம்மாவோடு கதைக்கத் தொடங்கினேன். நிறைப் புத்தகத்தில் பிள்ளையின் நிறையைக் காட்டும் கோட்டை அவரைக் கொண்டே கீறுவித்தேன். கோடு விழுந்தால் அவரே பதறிப்போய் அடுத்த கிளினிக்குக்கு முதல் ஆளாக வருவார்.

செவ்வரத்தை, கைபேசி விடயத்தில் உங்கள் மூத்தவனை விடச் சின்னவளைத்தான் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொன்னது, ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். முழங்கால் நோவோடு மூன்று வயதுப் பிள்ளைக்குப் பின்னால் ஓட முடியாத அம்மம்மா அதை எடுத்துக் கொடுக்காமல் என்ன செய்வார்? அவரைத் திட்ட முதல் அவருடைய நாளை ஒருதரம் முழுதாகப் பாருங்கள்.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். ஆட்கள் நிறைந்த வீடு என்றால் பிள்ளை பாதுகாப்பாக இருக்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். பிள்ளைகளுக்குத் தொந்தரவு கொடுப்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள்தான், உறவினரும் அதில் அடக்கம். பத்துப் பேர் இருக்கும் வீட்டில் "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். ஒருவரைக் கண்டால் மட்டும் பிள்ளை ஒதுங்குகிறது என்றால், அவர் எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும், பிள்ளையை நம்புங்கள். சிறுவர் உதவிக்கு 1929 என்ற இலக்கம் இருக்கிறது.

வடமராட்சியான்:

மிஸ்ஸி, அம்மம்மாவைக் கொண்டு கோடு கீறுவித்தது அபாரம். மாமாவிடம் என்ன கோட்டைக் கொடுக்கலாம் என்று யோசிக்கிறேன்.

வாத்தியார் ஐயா, நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆம், கணக்குப் படிப்பித்தது மாமாதான். நான் வேலை முடிந்து வர ஏழு மணியாகிவிடும். உங்களுக்கு இப்போது சந்தோஷமா?

ஸ்காபரோ_மழை:

நான் மற்றக் கரையிலிருந்து எழுதுகிறேன். ரொறன்ரோவில் பிள்ளைகள் இரண்டும் பிறந்தபோது எங்களுக்கு ஒருவரும் இல்லை. நானும் மனைவியும் மாறி மாறி வேலை முறை எடுத்தோம். அவர் இரவு, நான் பகல். வாசலில் காரின் சாவியையும் பிள்ளையையும் கை மாற்றிக்கொண்ட காலம் அது. இருவரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். உங்கள் கணவர் தேடும் சுதந்திரம் எங்களுக்கு அளவுக்கு மேல் இருந்தது என்று அவரிடம் சொல்லுங்கள்.

பிறகு மாமியைச் சூப்பர் விசாவில், அதாவது பெற்றோர் நெடுநாள் வந்து தங்கக் கனடா கொடுக்கும் விசாவில், அழைத்தோம். 2011 டிசம்பரில் தொடங்கிய திட்டம், 2022 ஜூலைக்குப் பிறகு ஒரே வருகையில் ஐந்து வருடம் வரைக்கும் இருக்க விடுகிறார்கள். மருத்துவக் காப்புறுதி தனியார் நிறுவனத்தில் எடுக்க வேண்டும், அது வயதோடு ஏறும். மாமி வந்தார். மூத்தவள் இன்றைக்குத் தமிழில் கோபிப்பதும் கொஞ்சுவதும் மாமியின் புண்ணியம். நாங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குக் கட்டிய காசெல்லாம் செய்யாததை அவர் குசினியில் நின்றே செய்துவிட்டார்.

ஆனால் மாமியின் பக்கத்தில் நின்று பார்த்தால்? இணுவிலில் பின்னேரமானால் படலைக்கு வெளியே நாலு பேரோடு நின்று கதைத்தவர். இங்கே பனிக்காலத்தில் மாதக் கணக்காக நிலக்கீழ் அறையில். பஸ் எடுக்கத் தெரியாது, அயலவரின் பெயர் தெரியாது. எங்களோடு ஒரு வாக்குவாதம் வந்தால் கோபித்துக்கொண்டு போக அவருக்கு ஓர் இடம் இல்லை. ஊரில் என்றால் தங்கை வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவார். கோபித்துப் போக இடமில்லாத ஆளை வீட்டில் வைத்துக்கொண்டு "எங்களோடு சந்தோஷமாக இருக்கிறார்" என்று சொல்வது எனக்குக் கூசியது. இப்போது அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். பிள்ளைகளோடு வட்ஸ்அப்பில் கதைக்கிறார்.

ஒப்பமும்_உறுதியும்:

நொத்தாரிசு ஒருவரிடம் எழுதுவினைஞராக இருந்தவன். நீங்கள் எல்லோரும் மனம், பாசம் என்று எழுதுகிறீர்கள். என் கண்ணுக்கு உறுதிதான், அதாவது காணிப் பத்திரம்தான், தெரிகிறது.

செவ்வரத்தை அக்கா, உங்கள் சீதன உறுதியை எடுத்து வாசியுங்கள். வீடு உங்களுக்கு, பெற்றோருக்குச் சீவிய உரித்து என்று எழுதியிருக்கும் என்று நினைக்கிறேன். நான் எழுதிய சீதன உறுதிகளில் மிகப் பலவற்றுக்கு அதுதான் வடிவம். அப்படியென்றால் அவர்கள் இருக்கும்வரை அந்த வீட்டை ஆண்டு அனுபவிப்பது அவர்களின் உரிமை. நீங்கள் சொந்தக்காரி, ஆனால் உங்கள் முறை இன்னும் வரவில்லை. கணவர்? அவருக்கு அந்த வீட்டில் பங்கு எதுவும் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி, கல்யாணம் முடித்த பெண் தன் பெயரில் உள்ள காணி வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த வழமை, 1911 இல் திருமணச் சொத்துக்கும் முதுசத்துக்கும் கட்டளைச் சட்டம் வந்தது. இவ்வளவு காலம் கழித்தும் அந்தச் சம்மதம் போகவில்லை. ஆக, அப்பா அம்மா இல்லாமல் நீங்கள் ஆள முடியாது, கணவர் இல்லாமல் நீங்கள் விற்க முடியாது, கணவருக்கோ விற்கவும் இல்லை, ஆளவும் இல்லை. ஒரே கூரைக்குக் கீழே மூன்று அரை உரித்து. இந்த வீட்டில் கைபேசியை யார் வாங்கி வைப்பது என்பதில் குழப்பம் வராவிட்டால்தான் அதிசயம்.

ஊர்க்குருவி அண்ணனுக்கும் ஒன்று. பெற்றோரைப் பிள்ளைகள் கைவிட்டால் கேட்பதற்கு 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, முதியோர் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். அந்தக் கடமை தனி வீட்டுக்குப் போனாலும் பிள்ளையோடு கூடவே போகும். ஒரே குசினியில் சமைத்தால்தான் பராமரிப்பு என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

செவ்வரத்தை:

உறுதியை எடுத்துப் பார்த்தேன். அப்படியேதான் எழுதியிருக்கிறது. கணவரிடம் வாசித்துக் காட்டினேன். "கல்யாணத்தன்றே ஒப்பம் வைக்கும்போது தெரியும்" என்றார். எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதுதான் பகிடி.

சாவித்திரி_ஆச்சி:

பேத்தி தட்டச்சு செய்து தருகிறாள், நான் சொல்லச் சொல்ல. உங்கள் கதைகள் எல்லாவற்றையும் இவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். அம்மம்மா இருந்தால் நல்லது, அப்பம்மா இருந்தால் கெட்டது, பிள்ளைக்கு என்ன, மருமகனுக்கு என்ன என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மம்மாவிடம் ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு எழுபத்தொரு வயது. காலை ஐந்து மணிக்கு எழும்பினால் மூன்று வீட்டுப் பிள்ளைகள் என் வாசலில் வந்து சேரும். ஒருத்திக்குப் பால்மா கரைக்க வேண்டும், ஒருவன் பாண் மட்டும்தான் சாப்பிடுவான், ஒருவனை ஓட்டோக்காரன் வரும்வரை படலையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பின்னேரம் ரியூசன். அதற்கும் நான்தான் சைக்கிளுக்குப் பின்னால் கண் வைக்க வேண்டும். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் முந்தி நான் போய் வந்தவள். இப்போது தேருக்கு மட்டும் போகிறேன், அதுவும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு. அங்கேயும் கச்சான் வாங்கிக் கொடுப்பதிலும் எண்ணிக்கை பார்ப்பதிலும் முருகனைப் பார்க்க நேரமில்லை.

பேரப்பிள்ளைகளில் எனக்கு உயிர். அதை நான் இங்கே எழுதி நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் என் மகள்மார் வேலைக்குப் போக முடிவெடுத்தபோது என்னிடம் "அம்மா, உங்களுக்கு ஏலுமா" என்று ஒருத்தியும் கேட்கவில்லை. ஏலும் என்றுதான் சொல்லியிருப்பேன். கேட்டிருக்கலாம்.

கைபேசி கொடுத்த அப்பா மேல் கோபிக்கும் பிள்ளை, உன் அப்பா அதைப் பிள்ளைக்காகக் கொடுத்தாரா, செய்தியைக் குழப்பமில்லாமல் கேட்கக் கொடுத்தாரா என்று கேட்டுப் பார்.

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி:

அம்மா, வணக்கம். அரச வேலையில் உள்ள தாய்க்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாள் பிரசவ லீவு. அந்த லீவு முடிகிற நாளில் அம்மம்மாவின் வேலை தொடங்குகிறது. அதற்கு லீவும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. நீங்கள் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை.

பல்கலைப்_பேரன்:

எல்லாரும் பிள்ளைகளைப் பற்றிக் கதைக்கிறீர்கள். அப்படி வளர்ந்த பிள்ளை நான். உரும்பிராயில் அம்மம்மா வீடு, அதே வளவில் பெரியம்மா, பக்கத்து வளவில் மாமா. இப்போது யாழ். பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன், இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

வீட்டு அரசியல் எனக்கு ஐந்து வயதிலேயே அத்துப்படி. காசு வேண்டுமென்றால் பெரியம்மா. எங்காவது போக அனுமதி வேண்டுமென்றால் அம்மப்பா. அப்பா மறுத்ததை அம்மப்பாவிடம் வாங்கலாம், அம்மப்பா மறுத்ததை ஒருவரிடமும் வாங்க முடியாது. ஆகவே அம்மப்பாவை நேரே கேட்கக் கூடாது, அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது அம்மம்மாவைக் கொண்டு கேட்பிக்க வேண்டும். இதைக் கெட்ட பழக்கம் என்பீர்கள். பல்கலைக்கழக நிர்வாகத்தில் ஒரு கடிதம் எடுக்கப் போகும்போது இந்தப் படிப்புத்தான் எனக்கு உதவுகிறது.

கசந்தது எது என்றால், ஐந்தாம் வகுப்பில் பெரியம்மாவின் மகன் புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்கு மேலே, நான் கீழே. ஒரே வளவு. அவனுக்கு வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் என் வாசலைத் தாண்டித்தான் போனார்கள். தாண்டும்போது ஒவ்வொருவரும் நின்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதல் ஒரு மாதம் ஓயவில்லை. தனி வீடு என்றால் அம்மாவும் அப்பாவும் ஒரு நாள் ஏசிவிட்டு விட்டிருப்பார்கள். அந்த வீட்டில் நான் ஒருநாளும் தனியாக அழுததில்லை. விம்மத் தொடங்கினாலே ஆறு பேர் வந்து ஏன் என்று கேட்பார்கள். சில நாள் அது தேவையாக இருந்தது, பல நாள் கிணற்றடிக்குப் பின்னால் போய் ஒளித்திருக்கிறேன்.

அம்மப்பா கடைசியில் படுக்கையில் கிடந்தார். நானும் அந்த மச்சானும்... இல்லை, பெரியம்மாவின் மகன் எனக்கு அண்ணன், கோபத்தில் பிழையாக வருகிறது. நானும் அண்ணனும் முறை வைத்து அவரைத் திருப்பிப் படுக்க வைத்தோம், துவாயால் துடைத்தோம். வகுப்பில் என்னோடு படிக்கும் கொழும்புப் பையன் நோயாளியைத் தொட அருவருப்பதைப் பார்க்கும்போது எனக்கு விளங்கவில்லை. செவ்வரத்தை அக்கா, உங்கள் மகன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அம்மப்பாவிடம் போனான் என்று எழுதினீர்கள். நானும் அதைத்தான் செய்திருப்பேன். அதில் அப்பா மேல் மரியாதைக் குறைவு இருக்கவில்லை. யார் தருவார் என்று தெரிந்த இடத்துக்குப் போனேன், அவ்வளவுதான். அப்பாவும் அம்மப்பாவும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தால் நான் அங்கேயே இருந்து இடியப்பத்தைச் சாப்பிட்டு முடித்திருப்பேன்.

மாமி_வீட்டுக்காரி:

தம்பி, உங்கள் வீட்டில் பெரியவர்கள் தங்களுக்குள் முரண்பட்டார்கள். அது பரவாயில்லை, பிள்ளை நடுவில் புகுந்து பிழைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் முரண்பாடே இல்லை. மாமி சொல்வார், கணவர் கேட்டுக்கொண்டிருப்பார். மகள் பார்ப்பது அதைத்தான். நேற்றுக் கணவருக்குப் பொம்மைக் கதையைச் சொன்னேன். சிரித்தார். பிறகு, "அம்மா சும்மா பகிடிக்குச் சொல்வது" என்றார். ஸ்காபரோ அண்ணா சொன்னதைப் போல எனக்கும் கோபித்துப் போக இடமில்லை. வலிகாமம் வடக்குக் காணியில் பற்றை வெட்ட ஆள் பிடித்திருக்கிறேன். வீடு கட்டக் காசு இல்லை. பற்றையை மட்டும் வெட்டுவிக்கிறேன்.

பழைய_வாத்தியார்:

பிள்ளை, வேலியையும் அடையும். எல்லைக் கல் இருக்கிறதா என்று பாரும். பற்றை வெட்டினால் மட்டும் காணி நிற்காது.

செவ்வரத்தை:

ஆச்சி எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் எனக்கு வேண்டும்" என்றார். எதற்கு என்று கேட்டேன். "எதற்கு என்று சொன்னால்தான் தருவாயோ?" என்றார். ஆகவே செவ்வாய் நானும் வெள்ளி கணவரும் வேளைக்கு வர வேண்டும். வங்கியில் வெள்ளிக்கிழமை வேளைக்கு வருவது லேசான காரியமில்லை. கதைத்துப் பார்க்கிறேன் என்றார்.

அப்பாவிடம் கதைக்கச் சொல்லிக் கணவரை அனுப்பினேன். என்னைத் தூது விடாமல் அவரே நேரே போய்க் கதைக்கட்டும் என்றுதான். இருவரும் முற்றத்தில் கதிரை போட்டு இருந்து நெடுநேரம் கதைத்தார்கள். நான் ஜன்னலால் கேட்ட வரைக்கும் கைபேசி பற்றி ஒரு சொல் இல்லை, கிணற்று மோட்டரைப் பற்றித்தான் கதை. ஆனால் அன்று இரவு மகன் கோப்பையோடு போனபோது அப்பா, "கொப்பாவைக் கேட்டாயா?" என்றார். மகன் அந்த இடத்திலேயே நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு திரும்பி வந்து மேசையில் இருந்து, மிச்சத்தைச் சாப்பிட்டான். முகத்தை மட்டும் தூக்கி வைத்திருந்தான்.

திருநெல்வேலி வீட்டை இன்னும் விடவில்லை. வீட்டுக்காரர் ஒரு வருட வாடகையை முற்பணமாகக் கேட்கிறார். கணவர் ஆறு மாதம் என்று நிற்கிறார்.

வடமராட்சியான்:

தங்கச்சி, அந்தத் தரகரின் இலக்கத்தைத் தனிமடலில் அனுப்ப முடியுமா? உங்கள் கணவர் எடுக்காவிட்டால் சொல்லுங்கள். மாமாவுக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம்.